வளைவும் வளையாபதியும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில், மலையேற்றம் தொடங்குவதற்கு முன்பாக, ஒரு முகப்பு வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய அந்த வளைவுக்குப் பின்னால் இன்று இருப்பவை குடியிருப்பு வீடுகள். ஒரு காலத்தில் அவ்விடத்தில் படப்பிடிப்புத் தளங்களும் ஒப்பனை அறைகளும் இருந்தன. அரண்மனைகளும் குகைகளும் கடைவீதிகளும் அங்கே மாதத்துக்கு ஒன்றாக எழும்பி, மாதத்துக்கு ஒன்றாக மறைந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இந்த வாயிலின் வழியாகத்தான் உலகுக்கு வந்தன.

ஒரத்தநாட்டிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. ஐந்து பேர் ஒரு வாகனத்தில் விடியுமுன் புறப்பட்டு, தஞ்சை, திருச்சி, நாமக்கல் வழியாக இந்த வளைவைப் பார்க்கவென்றே சென்றோம். மூவர் தமிழ் கற்பிப்பவர்கள், ஒருவர் கணக்காசிரியர். ஐந்தாமவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா; பழைய படங்களின் பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருப்பவர். கணக்காசிரியர் எம்.ஜி.ஆர். ரசிகர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தின் குகை எந்த இடத்தில் இருந்தது என்று கண்டுபிடித்தே தீருவது அவருடைய தனி நோக்கம். வளைவின் கீழ் நின்று உள்ளே எட்டிப் பார்த்த அவர், "ஐயா, இவ்வளவுதானா?" என்று கேட்டார். ஐயா பதில் சொல்லாமல் வளைவின் தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகின் பிற இடங்களில் இத்தகைய பயணத்துக்கு வேறு முகம் உண்டு. ஹாரி பாட்டர் படங்கள் உருவான லண்டன் புறநகர் லீவ்ஸ்டன் தளம் 2012 முதல் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு மாயப் பள்ளியின் உணவுக்கூடத்தில் நடந்து வரலாம். ஐதராபாத் அருகே ராமோஜி திரைப்பட நகரம் சுற்றுலாத் தலமாகவே வளர்ந்துவிட்டது. சென்னையில் 2023-இல் ஏவி.எம். நிறுவனம் தன் வளாகத்தில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தது. ஆனால் 'சந்திரலேகா'வை எடுத்த ஜெமினி இருந்த இடத்தில் நட்சத்திர விடுதியும், 'மாயாபஜார்' பிறந்த விஜயா வாஹினி வளாகத்தில் வணிக வளாகமும் நிற்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் சேலத்துக்கு ஒரு வளைவாவது மிஞ்சியது.

இதை எழுப்பியவர் திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் (1907-1963). இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். நூற்பாலை நடத்த வேண்டிய மனிதர் 1935-இல் படக்கம்பெனி தொடங்கினார். ஆனால் ஆலையின் ஒழுங்கை அவர் விடவில்லை. நடிகர்களும் கலைஞர்களும் மாதச் சம்பளத்துக்கு, குறித்த நேரத்துக்கு வேலைக்கு வந்தார்கள். சென்னையை நம்பியிராமல், மலையடிவாரத்தில் எல்லாவற்றையும் ஒரே சுற்றுச்சுவருக்குள் வைத்துக்கொண்ட தொழிற்சாலை அது. மாயாஜாலக் காட்சிகளுக்குப் பின்னால் இருந்த மந்திரம் இந்த நேர ஒழுங்குதான் என்று எமக்குத் தோன்றுகிறது. 1940-இல் 'உத்தம புத்திர'னில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். கணிப்பொறி இல்லாத அந்நாளில் இரட்டை வேடம் எடுப்பதற்கென்று ஒரு வழி இருந்தது. கேமராக் கண்ணாடியின் பாதியை மறைத்துப் படமெடுப்பார்கள். சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து மீண்டும் எடுப்பார்கள். இடையில் கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் இரண்டு சின்னப்பாக்களும் தனித்தனியே கிழிந்து போவார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்நிறுவனத்தின் பட்டியல் ஒரு பாடத்திட்டம்போலவே தோன்றும். 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகம் 1942-இல் இங்கே 'மனோன்மணி' ஆயிற்று. விடுகதைக்கு விடை சொல்லாதவர்களின் தலையைக் கொய்யும் இளவரசியின் நாட்டார் கதை 1947-இல் 'ஆயிரம் தலை வாங்கி அபூர்வ சிந்தாமணி'யாக வந்தது. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' 1950-இல் 'பொன்முடி'யாயிற்று. அதே ஆண்டில் 'மந்திரி குமாரி'. 1952-இல் 'வளையாபதி'.

கடைசி இரண்டும் எம்மை நெடுநாளாக யோசிக்க வைத்தவை. ஐம்பெருங்காப்பியங்களில் சிலம்பும் மேகலையும் சிந்தாமணியும் முழுமையாக நமக்குக் கிடைத்தன. குண்டலகேசியும் வளையாபதியும் கிடைக்கவில்லை. குண்டலகேசியில் எஞ்சியவை ஏறத்தாழ 19 செய்யுட்கள். வளையாபதியில் 72 அளவில். இவையும் நூலாகக் கிடைத்தவை அல்ல, உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்டதாலும் தொகுப்பாளர்கள் புறத்திரட்டில் சேர்த்ததாலும் தப்பிப் பிழைத்தவை. எங்கள் சோழ நாட்டுத் திருவாவடுதுறை மடத்தில் வளையாபதி ஏட்டைத் தாம் கண்டதாகவும், பிற்காலத்தில் தேடியபோது அது அங்கே இல்லை என்றும் உ.வே. சாமிநாதையர் எழுதியிருப்பதைப் படித்து வருந்தாத தமிழ் மாணவர் இருக்க முடியாது.

தொலைந்துபோன அந்த இரண்டையும் சேலத்தில் ஒரே சுவருக்குள் மீண்டும் எழுப்பினார்கள். கொலைக்களத்துக்குப் போகும் கள்வனைக் காதலித்து மணந்த பெண், தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற அவனை வலம் வருவதாகச் சொல்லித் தள்ளிவிடும் குண்டலகேசிக் கதைக்கு, திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி வசனம் எழுதினார். காப்பியத்தில் அவள் துறவியாகிச் சமய வாதம் புரிகிறாள்.  படத்தில் அரசனை ஆட்டிவைக்கும் ராஜகுருவும் அவன் மகனான கொள்ளைக்காரனும் புதிய அரசியல் பொருள் பெற்றனர். சமய நூலொன்று சமயக் குருவைச் சாடும் படமாக மாறிய விந்தையைக் குறித்துத் தனியே எழுதலாம். இதை இயக்கத் தொடங்கியவர் தமிழ் அறியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன், அவர் தாயகம் திரும்பிவிட, சுந்தரம் முடித்தார். 'வளையாபதி'க்கு வசனம் எழுதியவர் பாரதிதாசன். மூலம் இல்லாத காப்பியத்தைத் திரைக்காகக் கட்டியெழுப்பும் வேலை பாவேந்தருக்கு வாய்த்தது!

கணக்காசிரியரின் 'அலிபாபா' 1956 பொங்கலன்று வெளியாயிற்று. பெல்ஜிய நாட்டுக் கேவா கலர் சுருளில் எடுக்கப்பட்ட, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எங்கள் தலைமுறை அதைத் தொலைக்காட்சியில்தான் கண்டது. ஆயினும் குகைவாய் திறக்கும் மந்திரச் சொல்லைச் சொல்லிக்கொண்டு, வைக்கோற்போரில் வளை தோண்டி விளையாடாத பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் அரிது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938), முதல் முழுநீள வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) ஆகியவையும் இந்நிறுவனத்தின் படைப்புகளே. சுந்தரத்தின் மறைவுக்குப் பின் அவர் மகன் காலத்தில் ஜெய்சங்கரின் துப்பறியும் படங்கள் வந்தன. அவற்றில் எமக்கு ஆர்வமில்லை. வேறு யாராவது எழுதட்டும்.

குகையைத் தேடிய கணக்காசிரியர் அரைமணி நேரத்தில் திரும்பிவிட்டார். கிடைத்திருந்தால்தான் வியப்பு. அரங்க அமைப்பு என்பது மூங்கிலும் மரச்சட்டமும் சாக்குத் துணியும் பிளாஸ்டர் ஆப் பாரிசும், உடைப்பதற்கென்றே கட்டுவது. எங்கள் ஊரில் சரபோஜி மன்னர் முத்தாம்பாள் நினைவாக 1802-இல் எழுப்பிய சத்திரம், சிதைந்தும் சிதையாமலும் நிற்கிறது; அது வழிப்போக்கருக்குச் சோறு போடக் கட்டியது. நாளைக்கு வேறொரு மாளிகை எழும்ப வேண்டுமென்று இன்றைய மாளிகையை இடிக்கும் இடத்தில் நாம் எதைத் தேடுவது?

ஆகவே சுவர் போனதற்கு நாங்கள் அதிகம் அழவில்லை. சுருள் போனதுதான் துயரம். 1950-களின் தொடக்கம்வரை புழங்கிய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. தீப்பிடிக்காவிட்டாலும் வெப்பத்தில் தானே நொறுங்கிப் பொடியாகும். அதிலிருக்கும் வெள்ளிக்காகப் பழைய சுருள்களை உருக்குவோரும் உண்டு. நாட்டின் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டது 1964-இல்தான். அதற்குள் போனவை போயின. 'பாலன்' படமே இன்று பார்க்கக் கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் ஐயா பேசினார். "ஏடு போனாலும் மேற்கோள் செய்யுள் இருக்கிறதே, அதுபோலத்தான் என்னுடைய பாட்டுப் புத்தகங்கள்" என்றார். கொட்டகை வாயிலில் காசுக்கு விற்ற மலிவுத்தாள் புத்தகம். உள்ளே கதைச்சுருக்கம், நடிகர் பட்டியல், பாடல்கள். படம் அழிந்த பிறகு அதன் உருவத்தை ஊகிக்க உதவும் சான்று அதுவாகவே இருக்கிறது. கதைச்சுருக்கம் எப்போதும் பாதியில் நின்று, மிச்சத்தை வெள்ளித்திரையில் காண்க என்று முடிந்துவிடும் என்பதுதான் வேடிக்கை. வெள்ளித்திரையில் காண இப்போது ஒன்றுமில்லை.

ஏற்காடு போகவில்லை. பொழுது சாயத் திரும்பினோம். அடுத்த ஞாயிறு முதல் ஐயா வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அப்புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுக்கிறோம். தாள் மடித்த இடத்தில் ஒடிகிறது. புரட்டுவதற்குப் பனைமட்டையைச் சீவிய மெல்லிய தகடுதான் வசதி. இதுவரை அறுபதைத் தாண்டியிருக்கிறோம். அவற்றுள் ஒன்று மேலட்டையும் முதல் இரண்டு பக்கங்களும் இல்லாதது. ஒரு மன்னன், ஒரு காட்டுப்பெண், மாறிப்போன இரண்டு குழந்தைகள், பதினான்கு பாட்டு. எந்தப் படமென்று கண்டறியும் பணியைக் கணக்காசிரியர் ஏற்றிருக்கிறார்.