படம் கழுவின காலம்

எங்கள் காலத்தில் ஸ்டுடியோவுக்குப் போய், "பிலிம் கழுவியாச்சா?" என்றுதான் கேட்போம். "டெவலப் பண்ணியாச்சா?" என்று கேட்டவர்கள் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவர்கள். மற்றவர்களுக்கு எல்லாமே கழுவுவதுதான்.

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில், காரைக்காலில். அங்கே இதே வேலைக்கு வேறு சொல். படத்தை வெளிக்கொண்டு வரும் மருந்துக்கு 'ரெவெலாத்தர்' என்பார்கள். மறைந்திருப்பதை வெளிப்படுத்துவது என்று பொருள். ஆங்கிலத்தில் 'டெவலப்' என்றால் வளர்ப்பது. பிரெஞ்சுக்காரனுக்கு வெளிப்படுத்துவது, ஆங்கிலேயனுக்கு வளர்ப்பது, நமக்குக் கழுவுவது. நம் சொல் விஷயம் தெரியாமல் வைத்த சொல் என்று அந்த நாளில் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று வாணியம்பாடி எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதற்கு நான் கொடுத்த விலையும் உண்டு.

பிரெவே தேறி, பிறகு தனியாக மெட்ரிக் எழுதி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக 1974இல் வாணியம்பாடிக்கு வந்தேன். கல்யாணம் ஆகவில்லை. வாடகைக்குக் கிடைத்தது ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடி அறை. ஸ்டுடியோ உரிமையாளரை ஊரில் எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். என்னை "சார்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை, அவருக்கு ஆள் இல்லை. அப்படித்தான் இருட்டறைக்குள் போனேன்.

இருட்டறை என்பது மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. கதவிடுக்கில் கறுப்புத் துணி. மூன்று பீங்கான் தட்டுகள்: ஒன்றில் டெவலப்பர், ஒன்றில் அசெட்டிக் அமிலம் கலந்த தண்ணீர், ஒன்றில் ஹைப்போ. டெவலப்பரை பாய் பாக்கெட்டில் வாங்க மாட்டார். சின்னத் தராசில் நிறுத்துத் தானே கலப்பார். பிலிமுக்கு அவர் வைத்திருந்தது கோடக் கம்பெனியின் டி-76 கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். கலக்கும் வரிசை முக்கியம். மெட்டாலை முதலில் கரைத்துவிட்டுத்தான் சல்பைட் போடவேண்டும். மாற்றிப் போட்டால் மெட்டால் சரியாகக் கரையாது. ரசம் வைக்கிற மாதிரி இதற்கும் ஒரு பக்குவம் உண்டு.

பிலிம் கழுவும்போது சிவப்பு விளக்குகூடக் கூடாது, கும்மிருட்டு. 120 பிலிமின் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, தட்டில் இருக்கும் மருந்தில் ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆட்டவேண்டும். நேரம் பார்க்கக் கடிகாரம் தெரியாது. பாய் வாய்க்குள் எண்ணுவார். பிரிண்ட் போடும்போதுதான் சிவப்பு விளக்கு. என்லார்ஜரின் வெளிச்சம் பட்ட வெள்ளைத் தாளை மருந்தில் அமிழ்த்தினால், அரை நிமிடத்துக்குள் முதலில் தலைமுடி, பிறகு கண், பிறகு சட்டைப் பொத்தான் என்று ஒரு ஆள் எழுந்து வருவார். நூறு முறை பார்த்தாலும் அலுக்காது.

வாணியம்பாடியில் இந்த வேலைக்கு இரண்டு சத்துருக்கள். ஒன்று வெயில். புத்தகத்தில் மருந்தின் சூடு 20 டிகிரி என்று போட்டிருக்கும். நம் ஊர் மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே 30க்கு மேல். பிலிமின் மேல் படிந்திருப்பது ஜெலட்டின். சூட்டில் அது ஊறி, இளகி, ஓரத்தில் சுருண்டு வந்துவிடும். ஐஸ் கடையில் ஒரு துண்டு வாங்கி, உமியைத் தட்டிவிட்டு, தட்டுக்கு அடியில் வைப்போம். அதோடு ஹைப்போவில் குரோம் படிகாரம் சேர்ப்பார் பாய். அது ஜெலட்டினை இறுக்கிவிடும்.

"இது தோல் ஷாப்புல போடற மருந்தோட தம்பி சார்" என்பார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மைதான். ஜெலட்டின் என்பது மாட்டின் தோலையும் எலும்பையும் பக்குவப்படுத்தி எடுப்பது. தோலைப் பதப்படுத்தும் குரோம் உப்பு, தோலில் உள்ள புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது; பிலிமின் ஜெலட்டினும் அதே புரதத்தின் வழி வந்ததுதான். ஆக, பாலாற்றங்கரையில் பெரிய தொட்டியில் நடந்ததும், மாடிப்படிக்கு அடியில் பீங்கான் தட்டில் நடந்ததும் ஒரே வேலை.

இதில் இன்னொரு விநோதம் உண்டு. சில ஜெலட்டினில் செய்த பிலிம் வெளிச்சத்தைச் சுறுசுறுப்பாகப் பிடிக்கும், சிலவற்றில் செய்தது மந்தமாக இருக்கும். ஏன் என்று கம்பெனிகளுக்குப் புரியாமல் இருந்தது. கோடக் ஆய்வுக்கூடத்தில் ஷெப்பர்ட் என்ற விஞ்ஞானி 1925 வாக்கில் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஜெலட்டினில் மிக மிகக் கொஞ்சமாகக் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்கள்தான். கடுகு வகைச் செடிகளை மாடு மேய்வதால் வருவது. மாடு என்ன மேய்ந்தது என்பதில் போய் நின்றது சினிமாவின் தலையெழுத்து!

இரண்டாவது சத்துரு தண்ணீர். நான் வந்தபோது ஊரில் ஆவாரம் பட்டை வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது. பழைய முறையில் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதப்படுத்துவார்கள். எழுபதுகளில் குரோம் முறை வேகமாகப் பரவியது. உப்பும் கழிவும் கலந்து கிணறுகள் ஒவ்வொன்றாகக் கெட்டன. பிறகு இது உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்ட தீர்ப்பு அது. அந்தத் தொழிலில்தான் ஊரே சாப்பிட்டது, அந்தத் தொழிலால்தான் ஊர் தண்ணீர் இழந்தது. இரண்டும் நிஜம்.

படத்துக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன். 1839 ஆகஸ்ட் 19ஆம் தேதி பாரிசில் டாகேரின் முறையை அரகோ உலகுக்கு அறிவித்தார். அதைத்தான் இன்றும் புகைப்பட தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் படம் பிடிப்பதைவிடப் பெரிய சிக்கல் பிடித்த படத்தை நிறுத்துவது. வெளிச்சம் படாத வெள்ளி உப்பு தாளில் மிச்சம் இருந்தால், பிறகு அதுவும் கறுத்துப் படமே மறைந்துவிடும். அந்த வெள்ளி உப்பைக் கரைத்து எடுப்பது ஹைப்போ. இந்தக் குணத்தை ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1819லேயே கண்டிருந்தார். இருபது வருஷம் கழித்துத்தான் அதற்கு வேலை வந்தது.

ஆனால் படத்தைக் காப்பாற்றிய ஹைப்போவே தாளில் தங்கிவிட்டால் படத்துக்கு எமன். அதிலுள்ள கந்தகம் மெதுவாக வெள்ளியைத் தின்னும். படம் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் முகமே போய்விடும். பிலிமை அரை மணி கழுவினால் போதும். பிரிண்ட் தாளோ நாருக்குள் ஹைப்போவைக் குடித்து வைத்திருக்கும். ஒரு மணி நேரமாவது தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவவேண்டும். ஒழுங்காகக் கழுவியது எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு கேப்டன் டிரைப் சாட்சி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த அவர் 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்தார். பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவர் படங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

பாய்க்கு இந்தச் சரித்திரம் தெரியாது. ஆனால் அவர் கழுவும் முறை இது: முதல் எட்டுத் தண்ணீர் பின்கட்டுக் கிணற்றின் உப்புத் தண்ணீர், துணியில் வடிகட்டி. கடைசி நான்கு தண்ணீர் மாட்டு வண்டியில் காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீர். நல்ல தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன்: உப்புத் தண்ணீர் ஹைப்போவை நல்ல தண்ணீரைவிட வேகமாக வெளியேற்றும், கடைசியில் உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசினால் போதும். இரண்டாம் உலகப் போர் காலத்தில், நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடான கப்பல்களுக்காக இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பாய் கப்பலையே பார்த்ததில்லை.

கடைசித் தண்ணீரில் ஒரு சோதனை செய்வார். கிணற்றுக்குப் போடும் பெர்மாங்கனேட்டை ஒரு டம்ளரில் இளம் ஊதாவாகக் கரைத்து, படத்திலிருந்து சொட்டும் நீரை அதில் விடுவார். ஊதா வெளுத்தால் ஹைப்போ இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடியும் கழுவல்.

இனி என் கதை. 1977 மே மாதம் அப்பா காரைக்காலிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். என்னிடம் ஒரு ஆக்ஃபா கிளிக் 3 கேமரா இருந்தது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஸ்டுடியோ வாசலில் ஸ்டூல் போட்டு அவரை உட்கார வைத்து எடுத்தேன். பிரெஞ்சு நிர்வாகத்தில் எழுத்தராக இருந்தவர். காலர் பொத்தான் போடாமல் கேமரா முன் உட்கார மாட்டார். பிலிமை பாய் கழுவினார். பிரிண்டை நானே போட்டேன். தாள் ஊட்டியில் செய்த 'இந்து' பிரோமைடு தாள்.

அந்தத் தாளைப் பற்றியும் சொல்லவேண்டும். 1960இல் மத்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம், பிரான்ஸ் நாட்டு போஷே கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் ஊட்டியில் உற்பத்தியை ஆரம்பித்தது. தூசி இல்லாத காற்றும் குளிர்ச்சியும் நல்ல தண்ணீரும் வேண்டும் என்றுதான் ஊட்டி. இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு இருந்த காலத்தில் நம் ஸ்டுடியோக்களை நடத்தியது அந்தத் தாள்தான். பிரெஞ்சுத் தொடர்பு இருக்கிறது என்று தெரிந்தபோது அப்பாவுக்கு ஒரே பெருமை.

படம் நன்றாக வந்தது. கழுவும்போதுதான் தவறு செய்தேன். அது கோடை. வண்டித் தண்ணீர் இரண்டு நாளாக வரவில்லை. இருந்த நல்ல தண்ணீர் இரண்டு குடம். கிணற்றிலிருந்து இறைக்கச் சோம்பல். மூன்று தண்ணீர் மாற்றிவிட்டு எடுத்துவிட்டேன். பாய் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"தண்ணிக்குக் கணக்குப் பார்த்தா படம் நம்மகிட்ட கணக்குப் பார்த்துடும் சார்."

அதோடு விடவில்லை. அதே நெகட்டிவில், அதே தாளில், இன்னொரு பிரிண்ட் அவர் கையால் போட்டு, பன்னிரண்டு தண்ணீரும் கழுவி, அப்பா ஊருக்குப் போகும்போது கொடுத்தார். காசு வாங்கவில்லை. அப்பா அதைக் காரைக்காலில் அக்கா வீட்டில் மாட்டினார். அடுத்த ஜனவரியில் அவர் போய்விட்டார். அதன் பின் அவரை யாரும் படம் எடுக்கவில்லை என்று சொல்லவேண்டியதில்லை.

என் பிரிண்ட் 1985க்குள் ஓரம் பழுப்பாகிவிட்டது. தொண்ணூறில் நெற்றியில் கறை. இப்போது காலர் பொத்தான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. அக்கா காலமானபின் அவள் வீட்டுப் படம் என்னிடம் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அக்கா வீட்டுப் படத்தில் அப்பாவின் மீசை நரையை எண்ணிவிடலாம். கடல் காற்றும் உப்பும் உள்ள காரைக்காலில் நாற்பது வருஷத்துக்கு மேல் சுவரில் தொங்கிய படம் அது. வித்தியாசம் ஒன்பது தண்ணீர்.

நம் பக்கத்து மலையிலும் இந்தக் கைவேலை நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வானாய்வகம். அங்கே 1988 பிப்ரவரி 17இல் ராஜமோகன் என்ற விஞ்ஞானி ஷ்மிட் தொலைநோக்கியால் எடுத்த படங்களில் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். 4130 என்ற எண்ணோடு அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள். வானத்து ஒளியும் மருந்துத் தட்டில் கிடந்து, ஹைப்போவில் குளித்துத்தான் நமக்குத் தெரிந்தது.

கலர் லேப் வந்ததும் இருட்டறைகள் மூடின. ஊட்டி ஆலையும் தொண்ணூறுகளில் நலிந்தது. 2014இல் மிச்சம் இருந்த ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பாய் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். நெகட்டிவ் அட்டைப் பெட்டிகள் அலமாரி நிறைய இருந்தன. ஊரில் பாதிப் பேரின் கல்யாணமும் பள்ளிக்கூட குரூப் போட்டோவும் அதில் இருந்திருக்கும். நான் மாற்றலாகி வேறு ஊரில் இருந்தேன். போய்ப் பார்த்தபோது, வெள்ளி எடுக்கிறவர்களுக்கு எடைக்குப் போட்டாகிவிட்டது என்றார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கடையைக் காலி செய்யவேண்டிய அவசரம் அவர்களுக்கு. என் அப்பாவின் நெகட்டிவும் அதோடு போயிற்று.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். நெகட்டிவைப் பிளாஸ்டிக் கவரில் அடைக்காமல் காகித உறையில் போட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஒட்டிக்கொண்டவற்றைப் பிய்க்காதீர்கள். பேரன் பேத்தியிடம் சொன்னால் ஸ்கேன் செய்து தருவார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் நம் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. பிறகு பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களையும் தேடிப் பதிவு செய்தது. அவர்கள் அதைச் சரித்திரம் என்று மதித்துத்தான் செய்தார்கள். நாமும் மதிக்கலாம்.

பழுப்பேறிய அந்தப் படத்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். அது நான் கழுவினது, அதனால்தான்.