ஒற்றைத் தொழிலாளியின் முறையீடு

ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் ஆலை வாசலில் எல்லோரும் தேடிப் படிப்பது அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, இன்கிரிமென்ட், நிலுவை எப்போது கைக்கு வரும் என்ற செய்திகளைத்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் குறைதீர்ப்பு பற்றியும் ஒரு ஷரத்து இருக்கும். பெரும்பாலும் பழைய ஒப்பந்தத்திலிருந்து வரிமாறாமல் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். சம்பளப் பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. லீவு மறுக்கப்படுவதும், ஓவர்டைம் கணக்கு குறைவதும், சொல்லாமல் ஷிப்ட் மாற்றப்படுவதும், சீனியாரிட்டி பட்டியலில் ஒருவர் பெயர் கீழே இறங்குவதும் வாரந்தோறும் நடப்பவை. இந்தச் சிறு குறைகளோடு தனியே நிற்கும் தொழிலாளிக்கு அந்தக் கடைசிப் பக்கத்தை விட்டால் போக்கிடம் அநேகமாக இல்லை. சங்கங்கள் சம்பளத்துக்குக் காட்டும் அதே பிடிவாதத்தை அந்த ஷரத்துக்கும் காட்ட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்ததற்குப் பின்னணியில் இருந்தவையும் இத்தகைய குறைகள்தாம். பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் செல்வபதி செட்டியாரிடமும் இராமானுஜலு நாயுடுவிடமும் கொண்டுவந்து கொட்டியவற்றில் சாப்பாட்டு இடைவேளை போதாமையும் மேலாட்கள் நடத்திய விதமும் இருந்தன. பி.பி. வாடியா தலைமை ஏற்றார்; திரு.வி.க. தோள்கொடுத்தார். நிர்வாகம் உயர்நீதிமன்றத்துக்குப் போய் வாடியாவுக்கு எதிராகத் தடையாணை பெற்றது. அந்த வழக்கு நாடெங்கும் கிளப்பிய கவலைதான் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வித்திட்டது. இடையில் 1921-இன் நெடிய போராட்டம் தோல்வியில் முடிந்தது. மறு ஆண்டு அதே ஆலைகளில் நிர்வாகமே நலக்குழு ஒன்றை அமைத்தது. குறை சொல்ல ஓர் இடம் கிடைத்தது. சொன்னவனுக்குப் பின்னால் நிற்க வேண்டிய சங்கமோ அப்போது ஒடுங்கிக் கிடந்தது. சங்கத்தின் பலம் பின்னே இல்லாத குறைதீர்ப்புக் குழு எப்படியிருக்கும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே கிடைக்கும் முதல் பாடங்களில் ஒன்று இது.

விடுதலைக்குப் பின் வந்த சட்டமும் தனியொரு தொழிலாளியை நெடுங்காலம் காணவில்லை. 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் பேசியது கூட்டுத் தகராறுகளைப் பற்றி. வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒருவரின் வழக்கை ஒரு சங்கமோ கணிசமான சக தொழிலாளர்களோ தங்கள் வழக்காக எடுத்துக்கொண்டால்தான் அது தொழிற்தகராறு ஆகும் என்று 1950-களில் உச்சநீதிமன்றம் தீர்ப்புகளில் நிலைநிறுத்தியது. 1958-இல் வந்த அசாமின் திமாகுச்சி தேயிலைத் தோட்ட வழக்கு அந்த எல்லையைத் துல்லியமாக வரைந்தது. தோட்டத்தின் உதவி மருத்துவர் ஒருவர் நீக்கப்பட்டார். தொழிலாளர்கள் அவருக்காகத் தகராறு எழுப்பினார்கள். அவர் சட்டப்படி தொழிலாளி அல்லர்; அவருடைய வேலையில் தொழிலாளர்களுக்கு நேரடியான, கணிசமான அக்கறை இருப்பதாகவும் காட்டப்படவில்லை என்று கூறிப் பெரும்பான்மை நீதிபதிகள் கையை விரித்துவிட்டார்கள்.

சங்கம் இல்லாத இடத்திலும், சங்கத்துக்கு வேண்டாதவராகிவிட்ட நிலையிலும் வேலை இழந்தவருக்கு வழியே இல்லை என்ற இந்தக் கொடுமை 1965-இல்தான் நீங்கியது. அந்த ஆண்டு சேர்க்கப்பட்ட 2ஏ பிரிவு, நீக்கப்பட்ட தனிநபரின் தகராறையும் தொழிற்தகராறாக ஏற்றது. 1971-இல் வந்த 11ஏ பிரிவு இன்னொரு கதவைத் திறந்தது. அதற்கு முன், உள்விசாரணை முறையாக நடந்திருந்தால் தண்டனை கடுமையானதா என்று தீர்ப்பாயம் பெரும்பாலும் கேட்க முடியாது. 11ஏ வந்தபின் சாட்சியத்தை மறுபடி எடைபோடலாம். வேலைநீக்கத்தை ரத்துசெய்து சிறிய தண்டனையாகக் குறைக்கலாம். ஆனாலும் வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பலாமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அரசிடம் இருந்தது. அந்தக் கோப்பு தலைமைச் செயலகத்தில் தூங்கினால் தொழிலாளியும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். தமிழ்நாடு 1988-லேயே இதைத் திருத்தியது. சமரசம் முறிந்தால் தொழிலாளி நேரே தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றாயிற்று. நாடு முழுமைக்கும் இந்த உரிமை 2010-இல்தான் வந்தது. நம் மாநிலம் இருபத்திரண்டு ஆண்டுகள் முந்திக்கொண்ட செய்தி சங்க மலர்களில் மறுபடி மறுபடி சொல்லப்பட வேண்டும்.

இவ்வளவும் வேலை போனவருக்கான ஏற்பாடுகள். வேலையில் இருந்துகொண்டே அநியாயத்தைச் சகிப்பவருக்கு 2ஏ உதவவில்லை. இன்கிரிமென்ட் நிறுத்தப்பட்டவர் சங்கத்தின் வழியாகவோ ஒப்பந்தத்தின் வழியாகவோதான் போக வேண்டியிருந்தது. அதற்கான மாதிரி நமக்கு 1958-லேயே கிடைத்துவிட்டது. அவ்வாண்டின் தொழில்துறை ஒழுங்குநெறிக் கோட்பாட்டோடு வந்த மாதிரிக் குறைதீர்ப்பு நடைமுறையைச் சொல்கிறேன்.

அதன் அமைப்பு எளிது. தொழிலாளி தன் குறையை அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் முதலில் வாய்மொழியாகச் சொல்கிறார். 48 மணிநேரத்தில் பதில் வர வேண்டும். திருப்தி இல்லையென்றால் தன் பிரிவின் பிரதிநிதியோடு துறைத் தலைவரிடம் போகிறார். அங்கே 3 நாள் கெடு. அடுத்தது இருதரப்பும் உட்காரும் குறைதீர்ப்புக் குழு. 7 நாளில் பரிந்துரை, அதன்மேல் 3 நாளில் நிர்வாகத்தின் முடிவு. அதுவும் சரியில்லையென்றால் மறுபரிசீலனை கோரி மேல்முறையீடு. இப்போது சங்க நிர்வாகி ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். ஒரு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்தும் தீராவிட்டால், சங்கமும் நிர்வாகமும் ஒப்பினால், விருப்ப நடுவர் தீர்ப்பு.

படிகள் எத்தனை என்பதைவிட, ஒவ்வொரு படிக்கும் ஒரு கெடு இருப்பதையே நான் இதில் பெரிதாக மதிக்கிறேன். 'பார்க்கிறேன்' என்று சொல்லிக் குறையை ஆறப்போடுவதுதான் எந்த அலுவலகத்திலும் எளிய மறுப்பு. கெடு அதைத் தடுக்கிறது. ஆனால் கெடு தவறினால் என்ன ஆகும் என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் அது வெறும் எண். 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டம் இதற்கு நல்ல வழிகாட்டி. சஸ்பென்ஷனில் இருப்பவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால் பங்கு, அதன்பின் முழுச் சம்பளம். தொழிலாளியால் தாமதம் ஏற்படாதவரை, விசாரணையை இழுத்தடிக்க இழுத்தடிக்கச் செலவு நிர்வாகத்தின் தலையில் ஏறுகிறது. அதே நியாயத்தைக் குறைதீர்ப்பிலும் எழுதலாம்: பதில் வராத குறை தானாக அடுத்த படிக்குப் போகும் என்று ஒரு வரி, கொடுத்த மனுவுக்கு எண்ணும் தேதியும் இட்ட ரசீது தர வேண்டும் என்று இன்னொரு வரி. ரசீது இல்லாத இடத்தில் கெடு எந்த நாளில் தொடங்கியது என்பதே தகராறாகிவிடும்.

மாதிரி நடைமுறையில் எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடமும் உண்டு. குறை நிர்வாகத்தின் ஆணை ஒன்றால் எழுந்தால், முதலில் ஆணைக்குக் கீழ்ப்படிந்துவிட்டுப் பிறகுதான் முறையிட வேண்டும் என்கிறது அது. ஷிப்ட் மாற்றத்துக்கு இது பொருந்தும். காப்புக் கவசம் கழற்றப்பட்ட இயந்திரத்தில் கைவைக்கச் சொன்னால் பொருந்துமா? விரல் போனபின் முறையிட்டு என்ன பயன்? அபாயகரமான செயல்முறைகள் நடக்கும் ஆலைகளில், உடனடி அபாயத்தை நிர்வாகத்துக்கு எச்சரிக்கும் உரிமையைத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் சேர்ந்த 41எச் பிரிவு தொழிலாளிக்குத் தந்தது. ஒப்பந்தத்தின் கீழ்ப்படிதல் வரிக்கு அருகிலேயே உடனடி அபாயத்துக்கான விலக்கும் எழுதப்பட வேண்டும்.

இனி, கேட்பவர் யார் என்ற கேள்வி. வங்காளத்தின் மீன்கிளாஸ் தேயிலைத் தோட்டத்தில், சம்பவத்தை நேரில் பார்த்த அதிகாரிகளே விசாரணை நடத்தினார்கள். சாட்சி ஒருவரையும் விசாரிக்காமல், குற்றம் சாட்டப்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டதோடு விசாரணை முடிந்தது. 1963-இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சாட்சியே நீதிபதியாக முடியாது என்பது அந்தத் தீர்ப்பிலும் உறுதியானது. அதேசமயம் இன்னொன்றையும் நாம் மறைக்கக்கூடாது. உள்விசாரணையில் சங்கப் பிரதிநிதியைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு இயல்பாகவே இருக்கிறது என்பதை உச்சநீதிமன்றம் 1960-இன் களிந்தி வழக்கில் ஏற்கவில்லை. நிலையாணையோ ஒப்பந்தமோ தந்தால்தான் உண்டு.

அந்தத் துணை எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக் கடையொன்றின் வழக்கு காட்டுகிறது. வெயின்கார்ட்டன் என்ற நிறுவனத்தின் உணவுக் கவுண்டரில் வேலை பார்த்த பெண், 2.98 டாலர் கோழிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு டாலர் மட்டும் கட்டினார் என்று 1972-இல் விசாரிக்கப்பட்டார். சங்கப் பிரதிநிதியைக் கூப்பிடும்படி அவர் பலமுறை கேட்டும் மறுத்துவிட்டார்கள். சின்னப் பெட்டி தீர்ந்துபோனதால் ஒரு டாலர் அளவைப் பெரிய பெட்டியில் போட்டதாக அவர் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. மன்னிப்பும் கேட்டார்கள். அழுதுகொண்டே அவர், கடையில் இலவசமாகத் தான் எடுத்ததெல்லாம் மதிய உணவு ஒன்றுதான் என்றார். உடனே விசாரணை மறுபடி தொடங்கியது. சாப்பிட்ட உணவுக்காக 160 டாலர் கடன்பட்டதாக எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். அந்தப் பிரிவின் மேலாளர் உள்பட எல்லோரும் அங்கே இலவசமாகச் சாப்பிடும் வழக்கம் இருந்தது பிறகுதான் தெரியவந்தது. தண்டனைக்கு வழிவகுக்கும் என்று நியாயமாக அஞ்சத்தக்க விசாரணையில், கேட்டால் சங்கப் பிரதிநிதியை அனுமதிக்க வேண்டும் என்று 1975-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்த்தது. பதற்றத்தில் இருக்கும் மனிதருக்குத் தன் வழக்கைத் தானே சொல்லத் தெரியாது. கடையின் வழக்கம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டாவது விசாரணைக்கே இடமிருந்திருக்காது. அங்கே நீதிமன்றம் தந்ததை இங்கே நாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியாக வேண்டும்.

மேல்முறையீட்டில் நம் சட்டம் நடந்த பாதை விசித்திரமானது. தொழிற்தகராறுகள் சட்டத்தில் 2010-இல் சேர்ந்த 9சி பிரிவு, 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில் இருதரப்புக் குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்றது. குழுவின் முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு யாரிடம்? முதலாளியிடமே. எந்தக் கதவு அடைக்கப்பட்டதோ அதையே மறுபடி தட்டச் சொல்வதுபோல இது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுகள் சட்டத்தொகுப்பு இதை மாற்றியிருக்கிறது. குழு 30 நாளில் முடிக்க வேண்டும். தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒப்பாத எதுவும் குழுவின் முடிவாகாது. தீராத குறையைத் தொழிலாளி 60 நாளுக்குள் தன் சங்கத்தின் வழியாகச் சமரச அலுவலரிடம் கொண்டுபோகலாம். அந்தத் தொகுப்பின் மற்றப் பல பிரிவுகளைச் சங்கங்கள் எதிர்க்கின்றன. எதிர்ப்பில் நியாயமும் உண்டு. மேல்முறையீடு முதலாளியின் மேசையிலிருந்து வெளியே வந்தது மட்டும் நல்ல மாற்றம்.

ஆனால் 'சங்கத்தின் வழியாக' என்ற சொற்கள் சங்கத்தின்மீது பெரும் பாரத்தை ஏற்றுகின்றன. வாசலில் சங்கமே நிற்கிறது; அது யாருடைய மனுவை அனுப்பும், யாருடையதைத் தள்ளும்? அமெரிக்காவில் 1967-இல் முடிவான வாகா வழக்கில் எழுந்ததும் இதே கேள்விதான். இரத்தக் கொதிப்பைக் காட்டி வேலை மறுக்கப்பட்ட இறைச்சி ஆலைத் தொழிலாளி ஒருவரின் குறையைச் சங்கம் நான்கு படிகள் வரை கொண்டுபோய், தன் செலவில் இன்னொரு மருத்துவரிடமும் அனுப்பி, அவர் கருத்து பாதகமாக வந்தபின் நடுவரிடம் போக மறுத்தது. மனம்போன போக்கிலோ பாரபட்சமாகவோ கெட்ட எண்ணத்தோடோ மறுத்தால்தான் சங்கம் கடமை தவறியதாகும் என்றது நீதிமன்றம். நம் சங்கங்களின் செயற்குழுக்கள் இந்த அளவுகோலைச் சட்டம் கேட்குமுன் தாமே ஏற்கலாம். தள்ளப்படும் ஒவ்வொரு மனுவுக்கும் எழுத்தில் காரணம் தரலாம். சங்கத் தேர்தலில் எதிரணியில் நின்றவரின் மனுவுக்கும்தான்.

ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை இன்னும் இதற்கு வெளியே இருக்கிறது. ஒரே கூரையின் கீழ், ஒரே இயந்திர வரிசையில் நிற்கும் அவர்களுடைய முதலாளி காகிதத்தில் வேறொருவர். கேண்டீனில் நடந்த அவமதிப்பை, குறைத்துக் கொடுத்த கூலியை அவர்கள் சொல்ல வேண்டிய கான்ட்ராக்டர் பலசமயம் ஆலைப் பக்கமே வருவதில்லை. நிரந்தரத் தொழிலாளர்கள் அவர்களுக்காகப் பேச முடியுமா என்ற கேள்வி 1960-லேயே பம்பாய் ஸ்டாண்டர்ட் வாக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வழக்கில் எழுந்தது. திமாகுச்சியில் மருத்துவரை வெளியே நிறுத்திய அதே 'நேரடியான, கணிசமான அக்கறை' என்ற அளவுகோலைக் கொண்டு, இங்கே நிரந்தரத் தொழிலாளர்களுக்கு அந்த அக்கறை உண்டு என்று உச்சநீதிமன்றம் ஏற்றது. அந்தத் தீர்ப்பின் பலத்தில், ஆலைக்குள் வேலை செய்யும் எவரும் குறைதீர்ப்புக் குழுவிடம் மனுக் கொடுக்கலாம் என்ற வரியை அடுத்த கோரிக்கைப் பட்டியலிலேயே சேர்க்கலாம்.