கனகசபை: ஒரு மண்டபம் ஆண்பிள்ளைப் பெயரான கதை

ஒரு பெயரைச் சொன்னால் அது மனிதரா, கட்டிடமா என்று குழப்பம் வருமா? எங்கள் பக்கத்தில் வரும். "கனகசபை இருக்காரா?" என்று யாராவது கேட்டால் வீட்டுப் பெரியவரைத் தேடி வந்திருக்கிறார் என்று அர்த்தம். "கனகசபையில ஏறினீங்களா?" என்று கேட்டால் சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குப் போய் வந்ததை விசாரிக்கிறார் என்று அர்த்தம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கும் செம்மங்குப்பத்துக்காரனான எனக்கு இது விநோதமாகவே தெரிந்ததில்லை. கல்லூரியில் வெளியூர் நண்பன் ஒருவன், "சபைன்னா மீட்டிங் ஹால் தானே? அதை எப்படிடா ஆளுக்குப் பேரா வைப்பாங்க?" என்று கேட்ட பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். நியாயமான கேள்விதான்.

கனகம் என்றால் பொன். சபை என்றால் அவை, அம்பலம். கனகசபை என்றால் பொன்னாலான அம்பலம், அவ்வளவுதான். முருகன், கண்ணன், ராமன் எல்லாம் கடவுளின் பெயர்கள். செல்வம், அறிவழகன் எல்லாம் குணத்தையோ ஆசையையோ சொல்பவை. கனகசபையோ ஓர் இடத்தின் பெயர். அதில் 'அன்' விகுதி கிடையாது, 'ஆர்' கிடையாது, ஆண் என்று காட்டும் எதுவுமே கிடையாது. இலக்கணப்படி அஃறிணை. ஆனாலும் "கனகசபை வந்தது" என்று யாரும் சொல்வதில்லை, "வந்தார்" என்றுதான் சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஆகுபெயர் படித்திருப்பீர்களே, "ஊர் சிரித்தது" என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள் என்று. அதே கணக்குதான் இதுவும். சபையைச் சொன்னால் சபையில் ஆடுகிறவரைச் சொன்னதாகும்.

முதலில் கோயிலைப் பார்ப்போம். நடராஜர் நிற்கும் இடம் சிற்சபை. அதை ஒட்டி முன்னால் இருப்பது கனகசபை. அங்கே நின்றால் நடராஜர் மிக அருகில். இறங்கி வெளியே நின்றாலும் தெரிவார், ஆனால் தூரமாக. இந்தச் சில படிகளின் வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள், கட்டுரையின் பிற்பகுதியில் தேவைப்படும்.

பொன் எப்படி வந்தது? சோழ மன்னன் முதலாம் பராந்தகன் (907–955) தில்லை அம்பலத்துக்குப் பொன் வேய்ந்தான் என்று முதலாம் ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. பிறகு முதலாம் குலோத்துங்கனுக்கும் விக்கிரம சோழனுக்கும் படைத்தலைவனாக இருந்த நரலோகவீரன் இந்தக் கோயிலுக்குச் செய்த திருப்பணிகள் ஏராளம். அவனைப் புகழும் கல்வெட்டுகள் சிதம்பரத்திலும், பண்ருட்டி பக்கத்துத் திருவதிகையிலும் இருக்கின்றன. அவனுக்கு இருந்த இன்னொரு பெயரைக் கவனியுங்கள்: பொன்னம்பலக்கூத்தன்!

அதாவது சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பு பெயருக்குள் அம்பலமும் இருந்தது, அதில் ஆடும் கூத்தனும் இருந்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'திருச்சிற்றம்பலமுடையான்' என்ற ஆள்பெயரும் இப்படித்தான், அம்பலமும் உண்டு, அதை உடையவனும் உண்டு. அம்பலவாணன், சபாபதி, சபாநாயகம் என்ற பெயர்களும் இதே ரகம். (சட்டமன்றத்தில் இருப்பவர் வேறு சபாநாயகர்!) ஆனால் பொன்னம்பலம், சிற்றம்பலம், கனகசபை என்ற பெயர்களில் கூத்தனையும் காணோம், உடையானையும் காணோம். மண்டபம் மட்டும் மிச்சம். நாளடைவில் பெயர் சுருங்கியது என்று சொல்லலாம். எனக்கு வேறு ஒன்றும் தோன்றுகிறது. இங்கே எல்லோருக்கும் அந்த இடம் அவ்வளவு பரிச்சயம். உள்ளே ஆடுகிறவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இந்தப் பெயர் கடலையும் தாண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்குச் சிதம்பரம் என்றால் உயிர். ஆறுமுக நாவலர் 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார் என்பதே அந்த உறவுக்குச் சாட்சி. அம்பலவாணர், பொன்னம்பலம், சிற்றம்பலம், கனகசபை எல்லாம் அங்கே வீட்டுக்கு வீடு புழங்கிய பெயர்கள். இலங்கைச் சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்த சர் அம்பலவாணர் கனகசபையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்பலவாணர், மகன் கனகசபை. ஒரே கோயில் இரண்டு தலைமுறைக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. சர் பொன்னம்பலம் இராமநாதன், சர் பொன்னம்பலம் அருணாசலம் என்ற புகழ்பெற்ற சகோதரர்களின் பெயருக்கு முன்னால் நிற்பது அவர்களுடைய தந்தையின் பெயர். அந்தப் பொன்னம்பல முதலியார் 1857-இல் கொழும்பு கொச்சிக்கடையில் ஒரு சிவன் கோயில் கட்டினார். அதன் பெயர் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். தில்லை அம்பலம் மனிதருக்குப் பெயரானது. அந்தப் பெயர் இன்னொரு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. வட்டம் முழுமையானது!

நமக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டிய கனகசபை ஒருவர் உண்டு. வி. கனகசபைப் பிள்ளை (1855–1906). தந்தை யாழ்ப்பாணம் மல்லாகத்துக்காரர். மகன் தபால் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே ஏடு தேடி, சங்க இலக்கியங்களை ஆராய்ந்து, 1904-இல் ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய தமிழர் வாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். பழந்தமிழ் வரலாற்றை வெளியுலகத்துக்குச் சொன்ன முன்னோடி நூல்களில் அது ஒன்று. நம் தொகுதியிலும் ஒருவர் இருந்தார். 1957 நாடாளுமன்றத் தேர்தலில் சிதம்பரத்தில் வென்றவர் ஆர். கனகசபைப் பிள்ளை. சிதம்பரத்துக்கு ஒரு கனகசபையே எம்.பி. ஆனது பொருத்தம்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சில் கிடைக்கும் பழைய கனகசபைகள் பெரும்பாலும் பிள்ளை, முதலியார் வீட்டுக்காரர்கள். படித்தவர்கள், நிலம் உள்ளவர்கள். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் தாத்தாக்கள் தலைமுறையில் எல்லாத் தெருவிலும் இந்தப் பெயர் உண்டு. கனகசபை, அம்பலவாணன், நடராசன், தில்லை என்று தில்லைக் கோயில் சார்ந்த பெயர்களுக்குக் குறைவே இல்லை. குறிஞ்சிப்பாடி பக்கம் ஓர் ஊருக்கே அம்பலவாணன்பேட்டை என்று பெயர். பெயர் இப்படிச் சுலபமாக எல்லாத் தெருவுக்கும் போய்விட்டது. ஆனால் தெருக்காரர்கள் அதே சுலபத்தில் கோயிலுக்குள் போக முடிந்ததா?

இல்லை. நந்தனார் கதை எல்லோருக்கும் தெரியும். தில்லையைப் பார்க்க ஏங்கியவர், தீயில் இறங்கித்தான் உள்ளே போனார் என்று கதை சொல்கிறது. அந்த நந்தனாரின் பெயரிலேயே சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1939-இல் வந்தது, அதைவிட வலுவான சட்டம் 1947-இல் வந்தது. அதற்குப் பிறகும் கனகசபை எளிதில் வசப்படவில்லை. அங்கே நின்று தமிழில் தேவாரம் பாடலாம் என்பதற்கே அரசாணை தேவைப்பட்டது. 2008 மார்ச் 2-ஆம் தேதி சிவனடியார் ஆறுமுகசாமி போலீஸ் பாதுகாப்போடுதான் பாடினார். பக்தர்கள் கனகசபையில் ஏறி வழிபடலாம் என்று 2022 மே மாதம் தமிழக அரசு ஆணை போட்டது. 2023 ஜூனில் ஆனித் திருமஞ்சனத்தின்போது நான்கு நாட்களுக்கு ஏறக்கூடாது என்று தீட்சிதர்கள் பலகை வைக்க, அறநிலையத்துறை அதிகாரிகள் அதை அகற்ற, பெரிய தகராறே நடந்தது. தீட்சிதர்கள் தரப்பு, இது காலங்காலமான வழக்கம், உற்சவ நாட்களில் பூஜைக்கு இடையூறு வரக்கூடாது என்கிறது. எதிர்த்தரப்பு, தரிசனம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்கிறது.

இந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும். மண்டபத்தில் ஏற முடியாதவர்கள் எத்தனையோ பேர் அந்த மண்டபத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைத்து, வாசலில் நின்று நாளைக்குப் பத்து தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அதை யாராலும் பலகை வைத்துத் தடுக்க முடியவில்லை. பெயர் வைப்பதும் ஒரு வகையில் ஆலயப் பிரவேசம்தான்.

இப்போது இந்தப் பெயர் எங்கே போனது? என் வகுப்பில் ஒரு கனகசபை கூட இல்லை. வடமொழிப் பெயர் என்பதால் தனித்தமிழ் அலையில் போய்விட்டது என்று ஒரு வாதம் சொல்லலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. கனகசபைக்குத் தூய தமிழ்ப் பெயரைப் புதிதாக உருவாக்க வேண்டியதே இல்லை, 'பொன்னம்பலம்' பல நூற்றாண்டுகளாகத் தயாராக இருந்தது. ஒன்று தேய்ந்து மற்றது வளர்ந்திருந்தால் அந்த வாதம் சரி. இரண்டுமே சேர்ந்து அல்லவா தேய்ந்தன!

காரணம் வேறு என்று நினைக்கிறேன். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். ஆகவே ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை தானாகத் திரும்பி வரும். அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. இன்று ஜாதகத்தில் வரும் முதல் எழுத்து, எண் கணிதக் கூட்டுத்தொகை, கூப்பிடச் சின்னதாக இருக்க வேண்டும் என்ற ஆசை, இவையெல்லாம் பார்த்த பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் ஷ், த், க் என்று முடியும் பெயர்கள்தான். தாத்தா பெயர் இன்ஷியலில் கூட வருவதில்லை, அப்பாவோடு நின்றுவிடுகிறது.

நாங்கள் பி.காம்-இல் 'நற்பெயர்' என்று ஒரு பாடம் படிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத சொத்து, ஆனால் மதிப்பு உண்டு. வியாபாரத்தை விற்கும்போது அதற்கும் விலை போடுவார்கள். வீட்டுப் பெயர்களுக்கு அப்படி யாரும் கணக்கு எழுதுவதில்லை. அதனால்தான் அது போவதும் நமக்குத் தெரிவதில்லை.

பிறக்கப் போகும் பிள்ளைக்கெல்லாம் கனகசபை என்று வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. (வைத்தால் பள்ளிக்கூடத்தில் பையன் படும் பாடு எனக்குத் தெரியும்!) ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். கூடவே அந்தப் பெயரை ஏன் வைத்தார்கள் என்றும் கேளுங்கள். கேட்டால் சொல்ல இன்னும் சில பெரியவர்கள் இருக்கிறார்கள்.