லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி சாசனத் திருத்த வாக்கெடுப்பு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியின் ஆட்சிமுறையை வகுக்கும் அடிப்படைச் சட்டம் அதன் சாசனம். வாக்காளர்கள் ஒப்புக்கொள்ளாமல் அதில் எதையும் மாற்ற முடியாது. கவுன்டிகள் தமக்கெனச் சாசனம் இயற்றிக்கொள்ள 1911இல் மாநில அரசமைப்பு இடமளித்தது. மறு ஆண்டே வாக்காளர்கள் ஏற்ற இந்தச் சாசனம் 1913இல் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டில் இவ்வகையில் முதலாவது இதுதான்.

கவுன்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழுவோ, போதிய கையொப்பம் திரட்டிய குடிமக்களோ திருத்தத்தை முன்மொழியலாம். வாக்களித்தோரில் பாதிக்கு மேல் ஆதரித்தால் அது நிறைவேறும். வாக்குச்சீட்டில் இருப்பது 75 சொல்லுக்குள் அடங்கும் ஒரு கேள்வி. பதில் 'ஆம்' அல்லது 'இல்லை'. கவுன்டி வழக்கறிஞரின் நடுநிலை விளக்கமும் இரு தரப்பு வாதங்களும் முன்கூட்டியே வீட்டுக்கு வரும் கையேட்டில் இருக்கும். முழு வாசகத்தைப் பொறுமையாகப் படிப்பவர் குறைவு. இம்முறையின் பலவீனம் இதுவே.

குழுவை விரிவாக்கும் யோசனைகளை வாக்காளர்கள் பலமுறை நிராகரித்தனர். மக்கள்தொகை ஒரு கோடியை நெருங்கிய பின்னும் உறுப்பினர் ஐந்தே பேர். ஒருவருக்கு ஏறத்தாழ 20 லட்சம் மக்கள். கூடுதல் அரசியல்வாதிகள் என்றால் கூடுதல் செலவு என்ற வாதம் எளிதில் எடுபட்டது. ஆனால் அதிகாரத்துக்குக் கடிவாளம் போடும் திருத்தங்களுக்கு வரவேற்பு இருந்தது. மேற்பார்வையாளர் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் பதவி வகிப்பதை 2002இல் தடுத்தனர். தகுந்த காரணம் இருந்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்டி காவல் தலைவரான ஷெரிஃபையும் ஐந்தில் நான்கு உறுப்பினர் வாக்கால் நீக்கலாம் என்ற ஏ முன்மொழிவு 2022இல் 70 சதவீதத்துக்கு மேல் ஆதரவு பெற்றது.

2024 நவம்பரில் ஜி முன்மொழிவு நூலிழையில் வென்றது. குழுவில் ஒன்பது பேர், மக்களே தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர், நன்னெறி ஆணையம் ஆகியவை அதில் அடங்கும். ஆனால் 2020இல் நிறைவேறிய ஜே முன்மொழிவைச் சாசனத்தில் சேர்க்க அலுவலர்கள் தவறியிருந்தனர். குறிப்பிட்ட செலவுக்கெனக் கட்டுப்படுத்தப்படாத கவுன்டியின் உள்ளூர் வருவாயில் குறைந்தது 10 சதவீதத்தைச் சமூக நலனுக்கும் சிறைக்கு மாற்றான திட்டங்களுக்கும் ஒதுக்கச் சொன்னது அது. அந்தப் பிரிவு இல்லாத பழைய வாசகத்தின் மீதே ஜி எழுதப்பட்டது. அதனால் புதிய வாசகம் நடைமுறைக்கு வரும்போது ஜே தானாகவே நீங்கிவிடும் என்பது 2025 ஜூலையில் வெளிவந்தது. ஜேயை ஒழிக்கலாமா என்று எந்த வாக்காளரிடமும் எவரும் கேட்கவில்லை. பெரும் பிழை இது. அதைச் சரிசெய்யும் சட்ட வழிகளை ஆராயக் குழு உத்தரவிட்டது.