கேம்கார்டர் கோப்பு மாற்றம்

புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி போன்ற ஊர்களில் கல்யாண, காதணி விழா வீடியோக்கள் முன்பு நாடாவில் பதிவாயின. 1995-இல் வந்த மினி டிவி கேசட்டைக் கணினியில் ஏற்ற, ஓடும் நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரப் பதிவு சுமார் 13 ஜிபி. ஆனால் ஒவ்வொரு பிரேமும் தனித்து நின்றதால் வெட்டுவது எளிது.

2006-இல் சோனி, பானசோனிக் அறிவித்த ஏவிசிஎச்டி முறை மெமரி கார்டைக் கொண்டுவந்தது. நகலெடுக்கச் சில நிமிடங்களே. எனினும் அதன் எம்டிஎஸ் கோப்பில் பெரும்பாலான பிரேம்கள் அண்டைப் பிரேம்களைக் கொண்டு கணக்கிடப்படுபவை; அன்றைய கணினிகள் திணறின. எனவே எடிட்டிங்குக்கு முன் அதைப் பெரிய இடைநிலைக் கோப்பாக மாற்றினர். மிச்சமான நேரம் மாற்றும் வேலையில் போனது.

உண்மையான இழப்பு வேறு. கேசட் மூலப்பதிவாக அலமாரியில் தங்கியது. கார்டோ அடுத்த முகூர்த்தத்துக்காக அழிக்கப்படும். இடைநிலைக் கோப்பும் நீக்கப்பட்டால், 1920×1080 புள்ளிகளில் எடுத்த கல்யாணத்தில் குடும்பத்துக்கு எஞ்சுவது 720×576 புள்ளி டிவிடி மட்டுமே.