அல்லிக்கும் தாமரைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை

தில்லி காய்கறிச் சந்தையில் தாமரைத் தண்டை 'கமல் ககடி' என்று விற்பார்கள். ஊரில் வத்தலாகப் பார்த்ததை இங்கே பச்சையாகப் பார்க்கலாம். போன வாரம் அதை நறுக்கிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்: "அப்பா, தாமரையும் அல்லியும் ஒரே குடும்பமா?"

"ஆமாம்மா" என்றேன், பெருமையாக. பி.எஸ்ஸி. தாவரவியலில் அப்படி எழுதித்தான் மார்க் வாங்கினேன். "தப்புப்பா" என்றாள்.

தப்புதான். ஆனால் அது பெரியவர்கள் செய்த தப்பு. 1862 முதல் 1883 வரை பெந்தமும் ஹூக்கரும் வெளியிட்ட வகைப்பாட்டில் இரண்டும் நிம்ஃபேசியே குடும்பம். நம் கல்லூரிகள் அதைத்தான் பிடித்துக்கொண்டன. குளத்தில் வட்ட இலை, நிறைய இதழ், பார்க்க ஒரே ஜாடை. வேறென்ன வேண்டும்? இத்தனைக்கும் அல்லியின் மகரந்தத்தில் ஒரு பள்ளம்தான், தாமரையின் மகரந்தத்திலோ மூன்று. அதைக் கவனித்துத் தாமரையைத் தனிக்குடும்பம் ஆக்கியவர்கள் உண்டு. ஆனாலும் அல்லிக்குப் பக்கத்து வீட்டில்தான் குடிவைத்தார்கள்.

1993-ல் மார்க் சேஸ் தலைமையில் 42 பேர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய ரூபிஸ்கோ நொதியின் ஒரு பகுதிக்கான மரபணு ஆர்பிசிஎல். சுமார் 1,400 எழுத்து நீளம், மெதுவாக மாறுவது. ஏறத்தாழ 500 தாவரங்களில் அதைப் படித்து, எழுத்து மாற்றங்களை ஒப்பிட்டு வம்சாவளி போட்டார்கள். அதில் தாமரை போய் நின்ற இடம், பிளாட்டனஸ் மரத்தின் பக்கத்தில்! காஷ்மீரின் சினார் மரம் அந்த இனம்தான். எங்கள் ஸ்ரீநகர் போட்டோவில் முன்னால் தாமரை, பின்னால் சினார். உறவுக்காரர்கள் என்று தெரியாமலே எடுத்திருக்கிறேன்.

ஒரே மரபணுவை நம்பினால் சறுக்கலும் உண்டு. அந்த வம்சாவளியில் முதலில் பிரிந்தது செரட்டோஃபில்லம் என்ற நீர்ச்செடி என்று வந்தது. 1999-ல் பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த இடம் நியூ கலிடோனியாத் தீவின் அம்போரெல்லாவுக்குப் போனது. அல்லிக் கூட்டம் அதற்கு அடுத்த கிளை. நெல், மா, தாமரை எல்லாம் அதற்கப்புறம் பிரிந்தவை. அப்படியானால் தாமரைக்கு அல்லியைவிட நெல்தான் நெருங்கிய சொந்தம்!

மகளிடம் இதைச் சொன்னேன். "அப்ப உங்க மார்க்கைத் திருப்பிக் கொடுப்பீங்களா?" என்கிறாள்.