ஓ.எல்.இல் வராததை எதற்குப் படிக்க வேண்டும்?



இந்தத் தவணை தரம் 10, 11 பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கேட்டலும் வாசித்தலும் சேர்ந்த ஒரு பரீட்சை வைக்கப் போகிறோம் என்று அறிவித்தோம். அன்றிலிருந்து பெற்றோர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "சேர், ஓ.எல். எழுதுற பேப்பர்தானே. காதால கேட்டு எழுதுற சோதின என்னத்துக்கு? அந்த நேரத்துக்கு பாஸ்ட் பேப்பர் செஞ்சா ரெண்டு மார்க்ஸாவது கூட வருமே."

நியாயமான கேள்வி. பதிலை வகுப்பறை வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நம் சமூகத்தின் கதை.

பிரித்தானியர் காலத்தில் ஆங்கிலம் படிப்பித்த பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாருடையவை. அங்கே போனால் பிள்ளையின் ஈமான் போய்விடும் என்று நம் முன்னோர் பயந்தார்கள். அதை இன்று அறியாமை என்று சொல்லிச் சிரிப்பது எளிது. ஆனால் அவர்கள் கண்முன்னே மதமாற்றம் நடந்துகொண்டுதான் இருந்தது. பயத்தில் நியாயம் இருந்தது, அதற்குக் கொடுத்த விலையும் பெரிதாக இருந்தது. 1880இல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. அந்தப் பரீட்சையில் தேறியவனுக்குக் கந்தோர் வேலையும் மேற்படிப்பும் திறந்தன. நம்மவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்த வாசலுக்கு வெளியே, கடையிலும் வயலிலும் நின்றார்கள்.

இதைக் கண்டு தூக்கமிழந்தவர் அறிஞர் சித்திலெவ்வை. 1838இல் கண்டியில் பிறந்த சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கத்தை விடாமல் ஆங்கிலத்தையும் படியுங்கள் என்று மன்றாடினார். அடுத்த வருடமே எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா கொழும்பில் வந்திறங்கினார். அவரும் இந்த முயற்சிக்குத் துணை நின்றார். வாப்பிச்சி மரிக்கார் போன்றவர்களின் உழைப்போடு 1892இல் மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. அதுதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. 1921இல் டீ.பி. ஜாயா அதன் அதிபரானார். 1935இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் ஆனார். ஸாஹிரா திறந்து 43 வருடங்களுக்குப் பிறகு! ஒரு சமூகம் பிந்தினால் எட்டிப் பிடிக்க எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தத் தலைமுறை ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் படிக்கவில்லை. கணிதமும் சரித்திரமும் ஆங்கிலத்தில்தான். காலையில் மணி அடித்ததிலிருந்து வீடு போகும் வரை காதில் விழுந்தது ஆங்கிலம். கேட்டல் பரீட்சை என்று தனியாக ஒன்று அவர்களுக்குத் தேவைப்படவில்லை, ஏனென்றால் நாள் முழுவதும் அவர்கள் செய்தது அதைத்தான்.

பிறகு 1945இல் சீ.டப்ளியூ.டப்ளியூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழி மூலக் கல்வியும் படிப்படியாக மேல் வகுப்புகளுக்கு ஏறியது. இது நமக்குக் கிடைத்த பெரிய நிஃமத். கிராமத்து மீனவர் வீட்டுப் பிள்ளையும் விவசாயி வீட்டுப் பிள்ளையும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆனது இதனால்தான். இதை எழுதும் நாங்களும் அந்தக் கல்வியின் பிள்ளைகளே. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று நடந்தது: நாள் முழுவதும் காதில் விழுந்த ஆங்கிலம், நேரசூசியில் ஒரு பாடவேளையாகச் சுருங்கியது. அந்தப் பாடவேளையிலும் ஆசிரியர் தமிழில் விளங்கப்படுத்த, பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதியது. மொழி காதை விட்டுக் கண்ணுக்கு மட்டும் உரியதாயிற்று. நாங்கள் எழுதிய சாதாரண தரத் தாளும் கண்ணையும் பேனையையும்தான் சோதித்தது. கேட்கப்படாதது படிப்பிக்கப்படாமல் போனது.

மொழி படிப்பதில் காது முதலா, கண் முதலா என்ற தகராறு நமக்கு மட்டும் உரியதல்ல. 1920களில் ஆசியாவின் இரண்டு நகரங்களில் இரண்டு ஆங்கிலேய ஆசிரியர்கள் இதே கேள்விக்கு எதிரெதிரான பதில் சொன்னார்கள்.

ஒருவர் மைக்கல் வெஸ்ட். இடம் டாக்கா. அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர், வங்காளப் பிள்ளைகள் பலர் படிப்பை இடையில் விட்டுவிடுவதைக் கண்டார். பாதியில் விட்டாலும் பிள்ளையின் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும், அது என்ன என்று யோசித்தார். வாசிப்பு என்பது அவருடைய முடிவு. பேச ஆளில்லாத ஊரிலும் புத்தகம் இருக்கும். 1926இல் இதை ஒரு நூலாகவே எழுதினார். பழைய வாசிப்புப் புத்தகங்களில் தெரியாத சொற்கள் நெருக்கமாக வந்து பிள்ளையைத் தடுக்கி விழுத்துவதைக் கண்டு, புதிய சொற்களை ஐதாக்கி, திரும்பத் திரும்ப வரச் செய்து புத்தகங்கள் தயாரித்தார். பின்னர் 1953இல் அவர் வெளியிட்ட சுமார் 2000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் உலகெங்கும் பாடநூல் எழுதுபவர்களுக்குக் கைநூலானது.

மற்றவர் ஹரல்ட் பாமர். 1922இல் டோக்கியோ போனவர். குழந்தை பேசுமுன் எவ்வளவு காலம் கேட்கிறது, பிற மொழியும் காதால் நுழைய வேண்டும் என்பது அவர் வாதம். ஜப்பான் ஆசிரியர்கள் பலர் ஆர்வமாகக் கேட்டார்கள். ஆனால் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சைகள் மொழிபெயர்ப்பையும் இலக்கணத்தையும் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வகுப்பறை பெரிதாக மாறவில்லை. பரீட்சை எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பறை படிப்பிக்கும். இது டோக்கியோவுக்கும் பொருந்தும், எங்கள் பாடசாலைக்கும் பொருந்தும்.

ஜப்பானின் தேசிய நுழைவுப் பரீட்சையில் ஆங்கிலக் கேட்டல் சேர்ந்தது 2006இல்தான். பாமர் போய் 84 வருடங்களுக்குப் பிறகு. 2021இல் புதிய பொதுப் பரீட்சை வந்தபோது வாசித்தலுக்கு 100, கேட்டலுக்கு 100 என்று சரிசமமாக்கினார்கள். தென்கொரியா 1993இல் தன் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையைத் தொடங்கியபோதே கேட்டலைச் சேர்த்துவிட்டது. அங்கே ஆங்கிலத்தின் 45 வினாக்களில் 17 கேட்டல் வினாக்கள். அந்தப் பகுதி நடக்கும்போது நாடு முழுவதும் விமானங்கள் ஏறவோ இறங்கவோ விடப்படுவதில்லை. அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல் வானமே அமைதியாகிறது, பிள்ளைகளின் காதுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக.

இது இப்போது வந்த புதினமும் அல்ல. 1913இல் கேம்பிரிட்ஜ் முதன்முதலாக ஆங்கிலேயர் அல்லாதோருக்கென்று ஓர் உயர்நிலை ஆங்கிலப் பரீட்சை வைத்தது. சுமார் 12 மணித்தியாலப் பரீட்சை. தோற்றியவர்கள் 3 பேர், மூவரும் சித்தியடையவில்லை! அதில் கட்டுரையும் இலக்கணமும் இருந்தன. கூடவே சொல்வதெழுதலும் உரத்து வாசித்தலும் உரையாடலும் இருந்தன. காதை விட்டுவிட்டு ஒரு மொழி தெரியும் என்று சொல்ல முடியாது என்பது அன்றே தெரிந்திருந்தது.

இனி எங்கள் மனதில் உள்ளதைச் சொல்லி விடுகிறோம். ஆங்கிலத்தில் ஏ எடுத்துப் பல்கலைக்கழகம் போன எங்கள் பிள்ளைகள் சிலர் விடுமுறைக்கு வந்து சொன்னார்கள்: "சேர், முதல் மாசம் விரிவுரையில ஒண்டுமே விளங்கல்ல. போர்டுல எழுதினத்த மட்டும் பார்த்து எழுதிட்டு வந்தம்." குற்றம் பிள்ளைகளுடையதல்ல. பாடநூலில் கேட்டல் பயிற்சிகள் இருந்தன. "இது சோதினைக்கு வராது" என்று அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் பாஸ்ட் பேப்பருக்குப் போனவர்கள் நாங்கள்தான். இந்தத் தவணைப் பரீட்சை அந்தத் தவறைத் திருத்தும் முயற்சி.

நம் பிள்ளைகள் இதில் பின்தங்கியவர்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. உண்மையில் அவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. அது குர்ஆன் மத்ரஸாவில் கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். நம் பிள்ளை முதன்முதலில் படித்த அந்நிய மொழி ஆங்கிலம் அல்ல, அரபு. அதைக் காதால்தான் படித்தது. ஹஸரத் ஓதுவார், பிள்ளை கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லும், பிழைத்தால் ஹஸரத் நிறுத்துவார். எழுத்தை விரல் தொடும், ஒலியைக் காது பிடிக்கும். 'இக்ரஃ' என்ற முதல் வஹீயே 'ஓதுவீராக' என்ற கட்டளை. அதையும் நபி (ஸல்) அவர்கள் காதால் கேட்டே பெற்றார்கள். கேட்டலும் வாசித்தலும் நம் மரபில் ஒருபோதும் பிரிந்திருக்கவில்லை.

ஒலிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஃபேன்' என்ற சொல்லின் முதல் ஒலிக்குத் தமிழில் தனி எழுத்து இல்லை, அரபியில் ஃபா இருக்கிறது. 'பஸ்' என்பதன் முதல் ஒலி அரபு பா. 'திங்க்' என்று சொல்ல நாக்கு எங்கே போக வேண்டுமோ, அரபு நெடுங்கணக்கின் நான்காம் எழுத்துக்கும் அங்கேதான் போகிறது. 'திஸ்' என்பதன் முதல் ஒலி புள்ளி வைத்த தால். 'ஸூ' என்ற மிருகக்காட்சிசாலைச் சொல்லின் முதல் ஒலி ராவுக்கு அடுத்த எழுத்து. அரபியில் இல்லாதது 'பேப்பர்' என்பதன் முதல் ஒலி, அதைத் தமிழ் தருகிறது. 'வேன்' என்பதற்கு மட்டும் மேற்பல்லைக் கீழுதட்டில் படவைத்துப் புதிதாகப் பழக வேண்டும். மக்ரஜ் பார்த்து ஓதப் பழகிய பிள்ளைக்கு ஆங்கில ஒலி ஒன்றும் மலை அல்ல. மத்ரஸாவில் திறந்திருக்கும் காதைப் பாடசாலை வாசலில் மூடிவிடுகிறோம், அவ்வளவுதான்.

சரி, எப்படித் தயாராவது? வகுப்பில் செய்து பார்த்துப் பலன் கண்டவற்றை மட்டும் சொல்கிறோம்.

1. தினமும் 5 வசனம் சொல்வதெழுதல். பாடநூலிலிருந்தே போதும். ராத்தா வாசிக்கட்டும், தம்பி எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து தாங்களே திருத்தட்டும்.

2. ஒரே பந்தியை மூன்று தடவை கேளுங்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல், இரண்டாவது எழுத்தைப் பார்த்துக்கொண்டு, மூன்றாவது மீண்டும் பார்க்காமல். காதும் கண்ணும் சேர்வது இங்கேதான். பிபிசியின் ஆங்கிலம் கற்கும் பக்கத்தில் இதற்கு ஒலியும் எழுத்தும் இலவசமாகக் கிடைக்கின்றன.

3. கேட்டல் பரீட்சையில் ஒலி தொடங்குமுன் வினாக்களை வாசித்துவிடுங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் காது அதைப் பிடிக்கும். ஒரு விடை தவறினால் அதிலேயே நிற்காதீர்கள், அடுத்ததும் போய்விடும்.

4. ஆங்கிலம் சொற்களை ஒட்டிப் பேசும் மொழி. 'நொட் அட் ஓல்' என்பது 'நொட்டட்டோல்' என்று கேட்கும். தனிச்சொல்லாகத் தேடினால் அகப்படாது. 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டையும் பிரிப்பது அழுத்தம்: பதினைந்தில் அது பின்னால் விழும், ஐம்பதில் முன்னால்.

5. வாசித்தலில் தெரியாத சொல்லில் தரித்து நிற்காதீர்கள். வசனத்தை முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். முன்னும் பின்னும் உள்ள சொற்கள் பாதிக் கருத்தைச் சொல்லிவிடும்.

6. இடைவெளி நிரப்பும் பந்தியை முதலில் முழுவதும் ஒருமுறை வாசியுங்கள். 1953இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் இந்த முறையை அமைத்தது, ஒரு பந்தி வாசகருக்கு எவ்வளவு எளிது என்று அளப்பதற்காக. முழுக் கருத்தையும் பிடித்தவருக்கே இடைவெளி புலப்படும்.

7. பாஸ்ட் பேப்பரை விட்டுவிடச் சொல்லவில்லை. செய்யுங்கள். ஆனால் விடையோடு நிறுத்தாமல், மற்ற மூன்றும் ஏன் பிழை என்றும் கேளுங்கள்.

உம்மாமாருக்கு ஒரு வார்த்தை. "எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்று ஒதுங்காதீர்கள். பிள்ளை ஸபக் ஓதிக் காட்டும்போது தஜ்வீத் படித்துவிட்டா பக்கத்தில் இருந்தீர்கள்? பக்கத்தில் இருந்ததே பிள்ளைக்குப் பலமாக இருந்தது. மஃரிபுக்குப் பிறகு 15 நிமிடம் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "இன்னொரு தரம் போடு மகன், கேப்பம்" என்று சொன்னாலே போதும். கொரியாவில் விமானத்தையே நிறுத்துகிறார்கள். நாம் வீட்டுத் தொலைக்காட்சியை நிறுத்த மாட்டோமா?

அந்த வாப்பா கேட்ட கேள்விக்கு வருவோம். ஆங்கிலத்தில் சித்தியில்லாமலும் உயர்தரம் போகலாம். கேட்டல் தெரியாமலும் ஆங்கிலத்தில் ஏ எடுக்கலாம். ஆனால் விரிவுரை மண்டபத்திலும் நேர்முகப் பரீட்சையிலும் வைத்தியசாலையிலும் யாரும் கேள்வியை அச்சடித்துக் கையில் தருவதில்லை. நம் முன்னோர் ஒரு நியாயமான பயத்தால் பிந்தினார்கள். நாம் பிந்தினால் காரணம் ஒரு மார்க்ஸ் கணக்காகத்தான் இருக்கும். நாளை பேரப்பிள்ளைகளிடம் அதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கும்.

பரீட்சைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. சந்தேகம் உள்ள பெற்றோர்கள் பாடசாலைக்கு வாருங்கள், பேசுவோம்.

எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் அல்லாஹ் பயனுள்ள அறிவைத் தருவானாக. ஆமீன்.